சண்டைக்கார சிக்லிட் மீனுக்கு எத்தனை அடித் தொட்டி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆப்பிரிக்க சிக்லிட் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது தொட்டி அளவைப் பற்றித்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

ஐயா, வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. இப்போதைக்குக் குஞ்சுகளை அதில் விட்டு, வளர்ந்த பிறகு பெரியது வாங்கலாமா? (கல்லூரி மாணவர்)

வேண்டாம், தம்பி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். தோட்டத்து லயத்தில் குடியிருந்தபோது இரண்டரை அடித் தொட்டியில் அவுரேட்டஸ் என்ற சிக்லிட்டின் ஆறு குஞ்சுகளை விட்டேன். மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட அழகான மீன்கள். சில மாதங்களில் ஒன்று கறுக்கத் தொடங்கியது. அவுரேட்டஸ் ஆண் பருவத்துக்கு வரும்போது மஞ்சள் மறைந்து உடம்பு கறுத்துவிடும். அது கறுத்த வாரமே மற்ற ஐந்தும் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டன. ஒரு பெண் மீன் ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில், வாய் மேலே பார்க்கச் செங்குத்தாக நின்றுகொண்டே இருந்தது. வால் கந்தல் துணிபோலக் கிழிந்திருந்தது; செதில் உதிர்ந்த இடம் வெளுத்திருந்தது. தீனி போட்டாலும் நகரவில்லை. மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. ஓடுவதற்கு அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி 560 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. அதன் கரையோரப் பாறைகளில் வாழும் எம்புனா வகை மீன் தன் பாறைக்கு அருகே வருகிறவனைத் துரத்தும், துரத்தப்பட்டவன் ஓடிவிடுவான், விஷயம் அங்கேயே முடியும். இரண்டடித் தொட்டியில் ஓடினாலும் எதிரியின் கண்ணெதிரிலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் சண்டை ஓய்வதில்லை. எம்புனாவுக்கு நான்கு அடியிலிருந்து தொடங்குங்கள்.

கடையில் உயரமான தொட்டி ஒன்றைக் காட்டி, நான்கு அடித் தொட்டி கொள்ளும் அதே தண்ணீர்தான் இதிலும் என்கிறார்கள். இடமும் மிச்சமாகிறது. வாங்கலாமா அண்ணா? (தாமானில் குடியிருக்கும் ஒரு சகோதரி)

தண்ணீர்க் கணக்கு சரியாக இருக்கலாம், தங்கச்சி. மீனுக்கு அது உதவாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். 120, 45, 45 என்றால் 243 லிட்டர். 60, 45, 90 என்றாலும் 243 லிட்டர்தான். இப்போது அடித்தரையை மட்டும் பாருங்கள்: முதல் தொட்டியில் 5,400 சதுர சென்டிமீட்டர், இரண்டாவதில் சரிபாதியாக 2,700. எம்புனா பங்கு போட்டுக்கொள்வது தரையையும் பாறையையும். மேலே நிற்கும் தண்ணீரை அது சொந்தமென்று நினைப்பதில்லை. நீளத்தையும் அகலத்தையும் பார்த்து வாங்குங்கள். உயரம் ஒன்றரை அடி போதும்.

நான்கு அடியில் எல்லா ஆப்பிரிக்க மீனும் வளருமா?

வளராது. யெல்லோ லேப், ரஸ்டி போன்ற சாதுவான எம்புனாக்களுக்கு அது நல்ல வீடு. பீக்காக் என்ற இன்னொரு மலாவி சிக்லிட் வகைக்கும் பொருந்தும், ஆனால் முரட்டு எம்புனாவோடு சேர்க்காதீர்கள். முரட்டு எம்புனாக்களான அவுரேட்டஸ், கென்யி ஆகியவற்றுக்கு ஐந்து அடி இருந்தால் என் மனம் நிம்மதியாக இருக்கும். வீனஸ்டஸ் 25 சென்டிமீட்டர் வரை வளரும். ஃபுரொன்டோசா அதையும் தாண்டும். இவை இரண்டுக்கும் ஆறடி நீளம், இரண்டடி அகலம் இல்லாமல் ஆசைப்படவே கூடாது.

நீலம் என்று வாங்கிய கென்யி ஒன்று மஞ்சளாக மாறுகிறது. நோயா?

நோயில்லை, அது ஆண். கென்யியில் பெண் நீலம், முதிர்ந்த ஆண் மஞ்சள். இன்னொன்றும் மஞ்சளாக மாறினால் இரண்டில் ஒன்றை உடனே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் இருக்க வேண்டும். ஒரே பெண் இருந்தால் ஆண் அதை விரட்டியே கொன்றுவிடும்.

பெரிய தொட்டியில் குறைவான மீன் விட்டால் சண்டை வராதுதானே? (ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி)

அப்படித்தான் தோன்றும், ஐயா. அனுபவத்தில் நேர்மாறாக நடக்கிறது. நான்கு அடியில் ஐந்தே மீன் இருந்தால், பலசாலி ஒன்று தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு கடைசி மீனைக் குறிவைத்துத் தாக்கும். இருபது மீன் இருந்தால் எவனைத் துரத்துவது என்று தெரியாமல் அதன் கோபம் சிதறிவிடும். ஆனால் கூட்டம் கூடினால் கழிவும் கூடும். ஃபில்டர் பலமாக இருக்க வேண்டும். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். அதைச் செய்ய நேரமில்லாதவர்கள் இந்த வழிக்கு வராதீர்கள். புதிய மீன் விடும் நாளில் கற்களை எல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்குங்கள். பழைய மீனுக்கும் தன் எல்லை எதுவென்று தெரியாமல் போகும். புதிதாக வந்தது கொஞ்சம் மூச்சு விடும்.

எங்கள் வீடு பழைய பலகை வீடு. ஐந்து அடித் தொட்டி தாங்குமா?

150, 60, 60 என்ற அளவில் தண்ணீர் மட்டுமே 540 லிட்டர், அதாவது 540 கிலோ. கண்ணாடி, கல், தொட்டியைத் தாங்கும் கால் எல்லாம் சேர்ந்தால் இன்னும் ஏறும். பலகைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள். சிமெண்டுத் தரை உள்ள பகுதியில், சமமான இரும்புக் காலின்மீது வையுங்கள். கல்லை முதலில் வைத்து, பிறகு மணலைக் கொட்டுங்கள். இந்த மீன்கள் மணலைத் தோண்டும். மணல்மீது நிற்கும் கல் ஒருநாள் சரிந்தால் கண்ணாடியும் உடையும்.

எந்தக் கல்?

நம் ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லே போதும். குழாயில் வரும் மென்னீருக்கு அது கடினத்தன்மையைக் கொடுக்கும்; மலாவி மீனுக்கு வேண்டியதும் அதுதான். கல் சப்ளை செய்கிறவர்களிடம் வாங்குங்கள், மலையிலிருந்து பெயர்த்துவராதீர்கள். கூரான விளிம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுக்குங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி அடுக்குவது முக்கியம்.

ஃபிளவர்ஹார்னோடு சேர்க்கலாமா?

கூடாது. அது அமெரிக்க சிக்லிட்களின் கலப்பு. தனியாக வளர்க்க வேண்டிய மீன்.

அண்ணா, என்னால் இரண்டடிக்கு மேல் வாங்க முடியாது. எனக்கு வழியே இல்லையா? (பள்ளி மாணவர்)

இருக்கிறது, தம்பி. ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் மல்டிஃபேசியாட்டஸ் என்று ஒரு சிக்லிட் உண்டு. முழுதாக வளர்ந்தாலும் ஐந்து சென்டிமீட்டருக்குள்தான். காலி நத்தை ஓடுதான் அதன் வீடு. இரண்டு அங்குலம் மணல் போட்டு, மீனின் எண்ணிக்கையைவிட அதிகமாக ஓடுகளைப் பரப்பிவிடு. ஒவ்வொன்றும் தன் ஓட்டைச் சுற்றி மணலை வாயால் அள்ளிக் குழி பறிக்கும். பக்கத்து வீட்டானோடு வாயைத் திறந்து மோதும், அதுவும் சிக்லிட்தானே. ஆனால் தோற்றது தன் ஓட்டுக்குள் நுழைந்துவிடும். வயல் வாய்க்காலில் கிடைக்கும் பெரிய நத்தை ஓடுகள் இதற்குப் பொருந்தும். நன்றாகக் கொதிக்கவைத்து, உள்ளே எதுவும் ஒட்டியிராதபடி கழுவிப் போடு. நம் ஊர்ப் பெயரிலேயே சிப்புட் இருக்கிறது; மலாய் மொழியில் அதற்கு நத்தை என்று பொருள். ஓட்டுக்கு நீ வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.