ரஸ்ட் நிரல் மொழியில் நமக்கான எர்ரர் டைப்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஒரு ஃபைலைப் படித்து அதில் இருப்பதை எண்ணாக மாற்றுகிறேன். படிக்கும்போது ஐஓ எர்ரர் வரலாம், மாற்றும்போது பார்ஸ்இன்ட் எர்ரர் வரலாம். ஒரே ஃபங்ஷன் இரண்டையும் எப்படித் திருப்பித் தரும்?

பதில்: வெற்றி மதிப்பையோ (ஓகே) பிழையையோ (எர்ர்) தரும் டைப்தான் ரிசல்ட். அதில் எர்ரருக்கு ஒரே ஒரு டைப்புக்குத்தான் இடம். அதனால் இரண்டையும் உள்ளே வைத்துக்கொள்ளும் ஒரு எனம் (பல வகைகளில் ஏதாவது ஒன்றாக இருக்கும் டைப்) எழுதுங்கள்: ஒரு வேரியன்ட்டில், அதாவது வகையில், ஐஓ எர்ரர், இன்னொன்றில் பார்ஸ்இன்ட் எர்ரர். டிபக்கை (நிரல் எழுதுபவர் பார்க்கும் அச்சு வடிவம்) டிரைவ் செய்துவிடலாம், கம்பைலரே எழுதித் தரும். டிஸ்ப்ளேயை நீங்களே எழுத வேண்டும். பயனர் படிக்கப்போவது அதைத்தான். பிறகு எர்ரர் ட்ரெய்ட் (ட்ரெய்ட் என்பது ஒரு டைப் தர வேண்டிய மெத்தடுகளின் தொகுப்பு). அதைக் காலியாகவே விட்டாலும் கம்பைல் ஆகும். ஆனால் சோர்ஸ் மெத்தடை மட்டும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மூலப் பிழை வெளியே தெரியாது.

கேள்வி: எனம் எழுதிவிட்டேன். ஆனால் பிழையை மேலே அனுப்பும் ? குறியைப் போட்டால், ஃப்ரம் (ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்றும் ட்ரெய்ட்) இல்லை என்று கம்பைலர் நிறுத்துகிறது.

பதில்: எர்ர் வந்தால் ? அதை அப்படியே திருப்பி அனுப்புவதில்லை. முதலில் ஃப்ரம் வழியாக உங்கள் டைப்புக்கு மாற்றி, அதன் பிறகுதான் ரிட்டர்ன் செய்யும். 2016 நவம்பரில், ரஸ்ட்டின் 1.13 பதிப்பில் ? வருவதற்கு முன்பு ட்ரை மேக்ரோவும் இதே வேலையைத்தான் செய்தது. ஆகவே ஒவ்வொரு மூலப் பிழைக்கும் ஒரு ஃப்ரம் எழுதுங்கள். அதே மாற்றத்தை மறுபக்கமிருந்து அழைக்கும் இன்டூ அதிலிருந்தே கிடைத்துவிடும், தனியாக எழுத வேண்டாம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஃப்ரம் எழுதினேன், கோடு அழகாக இருக்கிறது. ஆனால் பிழை வந்தால் எந்த ஃபைல் என்றே தெரியவில்லை.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மூன்று ஃபைல்களைத் திறக்கும் ஒரு புரோகிராம் என்னிடம் இருந்தது. லாகில் ஒரே ஒரு வரி: அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை, ஓஎஸ் எர்ரர் 2. மூன்றில் எது? ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டுபிடிக்க இரவு முழுக்கப் போனது. ரஸ்ட்டின் ஃபைல் ஓப்பன் தரும் ஐஓ எர்ரருக்குள் ஃபைலின் பாதை இருக்காது. ஃப்ரம்மின் கைக்கு அந்த எர்ரர் மட்டும்தான் வருகிறது, அதனால் அதற்கும் பாதை தெரிய வழியில்லை. பாதை தெரிந்த ஒரே இடம், ஃபைலைத் திறக்கும் அந்த வரி. வேரியன்ட்டில் பாதை, சோர்ஸ் என இரண்டு ஃபீல்டு வைத்து, அந்த வரியிலேயே மேப் எர் (எர்ரரை மட்டும் நீங்கள் சொல்லும் விதத்தில் மாற்றும் மெத்தட்) போட்டு நிரப்பி, அதன் பின் ? போடுங்கள்.

போர்ட் எண், டைம்அவுட் இரண்டையும் பார்ஸ் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தருவது பார்ஸ்இன்ட் எர்ரர்தான், அதிலிருந்து உங்கள் எனத்துக்கு ஒரு ஃப்ரம்தான் எழுத முடியும். எது தவறியது என்பது அங்கேயே தொலைந்துபோகும். டைப்பைப் பார்த்த மாத்திரத்தில் நடந்தது புரிகிறது என்றால் ஃப்ரம் போடுங்கள். புரியவில்லையா, மேப் எர்தான். நீளமாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள்.

கேள்வி: சார், ரீட் லைனில் 42 என்று கொடுத்தும் பார்ஸ் ஆகவில்லை.

பதில்: கடைசியில் நியூலைன் ஒட்டியிருக்கிறது. ட்ரிம் செய்துவிட்டு பார்ஸ் செய்யுங்கள்.

கேள்வி: ஒரு கிரேட்டின் (ரஸ்ட் நூலகப் பொதி) எர்ரரை இன்னொரு கிரேட்டின் எர்ரராக மாற்ற ஃப்ரம் எழுத விடமாட்டேன் என்கிறது.

பதில்: ஆர்ஃபன் ரூல். ட்ரெய்ட்டும் உங்களுடையதல்ல, இரண்டு டைப்பும் உங்களுடையவை அல்ல. நடுவில் உங்கள் சொந்த டைப் ஒன்றை வையுங்கள், அல்லது மேப் எர்.

கேள்வி: எர்ரர் எழுத உதவும் கிரேட்டுகளில் எதை எடுப்பது, திஸ்எர்ரரா, எனிஹவ்வா?

பதில்: லைப்ரரி எழுதுகிறீர்கள் என்றால் திஸ்எர்ரர், உங்கள் வேரியன்ட்டைப் பார்த்து முடிவெடுக்க அழைப்பவருக்கு வழி இருக்கும். அப்ளிகேஷனுக்கு எனிஹவ், கான்டெக்ஸ்ட் சேர்த்து. ஆனால் ஒரு முறையாவது எல்லாவற்றையும் கையால் எழுதிப் பாருங்கள். திஸ்எர்ரரின் மேக்ரோ என்ன செய்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

கேள்வி: மெயினிலிருந்து எர்ர் திருப்பினால் வேரியன்ட் பெயர், அடைப்புக்குறி எல்லாம் திரையில் வருகிறது. நான் எழுதிய டிஸ்ப்ளே எங்கே போனது?

பதில்: மெயின் ரிசல்ட்டைத் திருப்பினால் அச்சாவது டிபக் வடிவம். உண்மையான வேலையை ரன் என்று ஒரு ஃபங்ஷனுக்கு மாற்றுங்கள். மெயினில் அதன் எர்ரரை டிஸ்ப்ளே வழியாக ஸ்டாண்டர்ட் எர்ரரில் (பிழைச் செய்திகளுக்கான வெளியீடு) அச்சிட்டு, சோர்ஸ் நன் (எதுவும் இல்லை) தரும்வரை ஒவ்வொன்றாக இறங்கி அவற்றையும் அச்சிட்டு, 1 என்ற எக்ஸிட் கோடுடன் முடியுங்கள். சோர்ஸில் தரும் பிழையை உங்கள் டிஸ்ப்ளேக்குள்ளும் சேர்த்து எழுதியிருந்தால் ஒரே செய்தி இரண்டு முறை வரும், டிஸ்ப்ளேயிலிருந்து எடுத்துவிடுங்கள்.