இணையத்தில் காணும் புகைப்படத்தை அனுமதியின்றிப் பகிரலாமா?

பதிப்புரிமை என்பது ஒரு படைப்பைப் படியெடுக்கவும் வெளியிடவும், அவற்றைச் செய்யப் பிறருக்கு அனுமதி தரவும் படைத்தவருக்குச் சட்டம் வழங்கும் உரிமை. (கண்டுபிடிப்புகளுக்கு உரிய காப்புரிமை வேறு, இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர்.) படைப்பாளர் உரிமைகளைக் காக்க நாடுகள் தமக்குள் செய்துகொண்ட, 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் இன்றைய விதிகளின்படி, படம் எடுக்கப்பட்டவுடனேயே இவ்வுரிமை தானாகப் பிறக்கிறது; பதிவு செய்யவோ முத்திரை பொறிக்கவோ தேவையில்லை.

ஒரு நொடியில் எடுக்கப்பட்டதுபோல் தோன்றும் படத்தின் பின்னால், தகுந்த ஒளிக்காகப் பல நாள் விடியலில் காத்திருந்த உழைப்பு இருக்கலாம் என்பதும், அதை எவரும் கேளாமல் எடுத்தாண்டால் அவ்வுழைப்புக்கு ஊதியமும் கிடைக்காது, படம் எங்கே எப்படிப் பயன்படுகிறது என்பதில் எடுத்தவருக்குச் சொல்லுரிமையும் இராது என்பதுமே இச்சட்டத்தின் காரணம். புத்தகம் வாங்கியவருக்கு அந்தப் படி சொந்தம். அதை அச்சிட்டு விநியோகிக்கும் உரிமை சொந்தமன்று. திரையில் தெரியும் படமும் அப்படித்தான்.

படத்தைப் பதிவிறக்கி மீண்டும் பதிவேற்றுவதைவிட, அது முதலில் வெளியான பக்கத்தின் இணைப்பைப் பகிர்வதே நேர்மையான வழி என்பேன். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைத்தவரே சில நிபந்தனைகளுடன் பிறருக்கு முன்கூட்டியே தரும் பொது அனுமதி) வெளியானவற்றை, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். மற்றவற்றுக்கு எழுதிக் கேளுங்கள். மகிழ்ந்து இசைபவர்கள் பலர்.

எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட்டாலே போதும் என்று பலர் நம்புகின்றனர். பெயரிடுவது அவருக்குத் தரும் மதிப்பு மட்டுமே, அது அனுமதிக்கு ஈடாகாது.