கண்மாயைத் தூர்த்த கணினி

கேள்வி: எங்கள் கண்மாய்க்கு எந்தெந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்று கணினியில் வரைந்து பார்க்க ஆசை. மாவட்டம் முழுவதற்கும் மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் உயரக் கணக்கு கிடைத்தால், 8 ஜிபி நினைவகம் உள்ள என் மடிக்கணினி தாங்குமா?
– வாசகர், முதுகுளத்தூர்

பதில்: தாங்கும், வேலையை வரிசைப்படி கொடுத்தால்.

ராமநாதபுரம் மாவட்டம் 4,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது 400 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றாலே 16 ஜிபி. நினைவகத்தில் அடங்காதது வட்டில், அதாவது கணினியின் நிரந்தரச் சேமிப்பில் கிடக்கும். வட்டோ 4 பைட்டை மட்டும் எடுத்துத் தராது. 4,096 பைட் போல ஒரு கட்டாகத்தான் தரும். புள்ளிகள் கிழக்கு மேற்காக வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். ஒரு வரிசை 100 கிலோமீட்டர் என்றால், காலடியில் இருக்கும் தெற்குப் புள்ளி வட்டில் 4 லட்சம் பைட் தள்ளி இருக்கிறது. ஒவ்வொரு துளியையும் பின்தொடர்ந்து போனால், தீப்பெட்டிக்கு ஒரு முறை, உப்புக்கு ஒரு முறை என்று தனுஷ்கோடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்த கதைதான்.

எத்தனை முறை கூட்டிக் கழித்தோம் என்பதை விட்டுவிட்டு, எத்தனை முறை வட்டுக்குப் போய் வந்தோம் என்று எண்ணிப் பார்க்கும் கணக்கை அகர்வால், விட்டர் என்ற கணினி அறிவியலாளர்கள் 1988இல் வகுத்தார்கள். அந்த வழியில், முதலில் புள்ளிகளை உயரப்படி அடுக்க வேண்டும். நினைவகம் கொள்கிற அளவுக்குப் பிரித்து, தனித்தனியே அடுக்கி, பிறகு ஒன்றாகக் கோத்தால் போதும். அப்புறம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே நடை. ஒவ்வொரு புள்ளியும் தன்னிடம் சேர்ந்த தண்ணீரைத் தாழ்ந்த பக்கத்துப் புள்ளியின் பெயருக்குச் சீட்டாக எழுதி வைத்துவிடும்; அந்தப் புள்ளியின் முறை வரும்போது சீட்டு தயாராக இருக்கும். நில வரைபடங்களுக்கான இலவச மென்பொருளான கிராஸில் (GRASS) உள்ள ‘ஆர்.டெர்ராஃப்ளோ’ (r.terraflow) என்ற கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. வட்டில் மட்டும் தாராளமாக இடம் விடுங்கள்.

வேகம் சரி. அதைவிடப் பெரிய வம்பு வேறு. உயர அளவுகளில் பிழையால் பொய்ப் பள்ளங்கள் விழும்; அவற்றில் தண்ணீர் தேங்கி நின்றுவிடக் கூடாதே என்று இந்த மென்பொருள் பள்ளங்களை எல்லாம் வழியும் மட்டம் வரை நிரப்பிவிடுகிறது. நம் கண்மாயும் அதன் கண்ணுக்குப் பள்ளம்தான். தூர்வார நாம் மனு கொடுத்துக்கொண்டிருக்க, அது ஒரு நொடியில் தூர்த்துவிடும்.

நானும் இதில் பட்டவன். 2000 பிப்ரவரியில் விண்கலத்து ரேடார் அளந்த உயரங்களை வைத்து ஒரு கண்மாய்க்குப் படம் போட்டேன். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. உயரம் முழு மீட்டரில். சில அடி அகலமுள்ள கரை அதில் எங்கே தெரியும்? கரைமேல் நின்ற சீமைக் கருவேலத்தின் உயரமும் சேர்ந்திருந்தது. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சி படத்தை வாங்கிப் பார்த்து, “மிகுதித் தண்ணீர் வழியும் கலுங்கு மேற்கே இருக்கிறது தம்பி. நீங்கள் கிழக்கே கரையை உடைத்துவிட்டீர்களே” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நீங்கள் கேட்ட, மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் கரையும் கலுங்கும் தெரிந்துவிடும். ஆனால் கரைக்குள் இருக்கும் மடையும் சாலைக்கு அடியில் ஓடும் குழாய்ப் பாலமும் வானத்திலிருந்து தெரியாது. சாலையே அணைபோல நிற்கும். ஆகவே மென்பொருளை ஓட்டுவதற்கு முன், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலோடு ஒரு நாள் நடங்கள். பாலம் வரும் இடங்களில் உயரத்தைக் கையால் குறைத்து எழுதுங்கள். நீர்பாய்ச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டீச் செலவு உங்களுடையது.

கேள்வி: அவ்வளவு பெரிய உலகப் படம் கைபேசியில் எப்படி உடனே விரிகிறது?
– வாசகி, தொண்டி

பதில்: முழுப் படமும் வருவதில்லை. உலகம் முதலில் ஒரே சதுரம். ஒரு படி நெருங்கினால் நான்கு, அடுத்த படியில் பதினாறு. பதினைந்தாம் படியில் 107 கோடிக்கு மேல். உங்கள் திரைக்கு வேண்டிய சில சதுரங்களை மட்டும் கைபேசி கேட்டு வாங்குகிறது. பாம்பன் பாலத்தில் சிக்னல் விட்டுப்போனால் படத்தில் பாதி தெரிந்து, பாதி வெறும் கட்டமாக நிற்பது அதனால்தான்.