ஐந்து விண்ணப்பங்களும் கைவிட்டுப் போனால் இங்கிலாந்தில் இந்த ஆண்டே பல்கலைக்கழகம் சேர முடியுமா?

முடியும். யூகாஸ் என்னும் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பில் போட்ட எதுவும் கிடைக்காதவர்களுக்கும், மதிப்பெண் குறைந்து கையிலிருந்த இடத்தை இழந்தவர்களுக்கும் 'கிளியரிங்' என்னும், மீதமுள்ள காலியிடங்களை நிரப்பும் முறை இருக்கிறது. ஜூலை தொடக்கத்திலிருந்து அக்டோபர் வரை நடக்கும். ஆனாலும் பெரும் நெருக்கடி ஆகஸ்ட் நடுவில், ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு வரும் காலையில்தான். காலியிடப் பட்டியலை முந்தின நாளே பார்த்து, பிடித்த படிப்புகளின் தொலைபேசி எண்களை எழுதி வையுங்கள்.

பல்கலைக்கழகத்துடன் போனில் பேச வேண்டியது மாணவர்தான். பெற்றோரே, பதற்றம் புரிகிறது, ஆனால் போனை வாங்கிப் பேசாதீர்கள். பல்கலைக்கழகத்தார் பிள்ளையின் குரலைத்தான் கேட்க விரும்புகிறார்கள். யூகாஸ் தரும் கிளியரிங் எண், ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் தேர்வு) உட்பட எல்லா மதிப்பெண்களும் கையில் இருக்கட்டும். "இந்தப் படிப்பு ஏன்?" என்ற கேள்வி கட்டாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இடம் தருகிறோம்" என்றால், பேசியவரின் பெயரையும் கெடுவையும் குறித்துக்கொண்டு மின்னஞ்சலில் உறுதி கேளுங்கள். வாய்மொழியாக எத்தனை இடம் வேண்டுமானாலும் பெறலாம். யூகாஸில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சேர்க்க முடியும். அதனால் ஒரு மணி நேரமாவது யோசித்துவிட்டுச் சேருங்கள். பாடத்திட்டத்தை வாசியுங்கள், விடுதி கிடைக்குமா என்று கேளுங்கள். மருத்துவம் போன்ற படிப்புகளில் காலியிடம் மிக அரிது. அதுதான் வேண்டுமென்றால் ஓராண்டு காத்திருந்து மீண்டும் விண்ணப்பிப்பதே நல்லது என்பேன்.

கல்விக்கடனுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால், அதிலும் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற மறக்க வேண்டாம்.