சமைத்த முருங்கைக்கீரையில் சத்து மிஞ்சுமா, பொடிதான் வாங்க வேண்டுமா?

கேட்டது இதுதான்: "வீட்டில் முருங்கைக்கீரையை வதக்கித்தான் செய்கிறார்கள். சமைத்தால் சத்தெல்லாம் போய்விடும், பொடி வாங்கித் தண்ணீரில் கலக்கிக் குடி என்று நண்பன் சொல்கிறான். எது சரி?"

சத்தெல்லாம் போய்விடாது. கொஞ்சம் போகும், மிச்சம் தட்டில் இருக்கும். அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம்.

கேட்டவர் அநேகமாக ஜிம்முக்குப் போகிற தம்பியாக இருப்பார், அந்த நண்பனும் அப்படித்தான். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். நான் ஊட்டச்சத்து நிபுணர் இல்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் குடித்தனம் நடத்துகிறவள், கல்லூரியில் வேதியியல் படித்தவள், அவ்வளவுதான். "இதைச் சொல்ல நீ யார்" என்று வருகிறவர்கள் அட்டவணைகளைத் தாங்களே புரட்டிப் பார்க்கலாம், எண்கள் என்னுடையவை இல்லை.

அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் பச்சை இலைக்கும் வேகவைத்து வடித்த இலைக்கும் தனித்தனியே கணக்கு இருக்கிறது. 100 கிராமுக்குச் சுண்ணாம்புச் சத்து 185 மில்லிகிராமிலிருந்து 151 ஆகிறது. இரும்பு 4 இருந்தது 2.3 ஆகிறது. வைட்டமின் சி 52 இருந்தது 31. வைட்டமின் ஏ கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. இதில் "வடித்த" என்பதைக் கவனியுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டால் வரும் கணக்கு இது. நம் வீட்டில் யார் முருங்கைக்கீரையை வேகவைத்து வடிக்கிறார்கள்? தண்ணீர் தெளித்து வதக்குகிறோம், இல்லையென்றால் பருப்போடு கூட்டாக்குகிறோம். கரைந்தது சட்டியிலேயேதான் கிடக்கும். சூட்டில் அழிகிற வைட்டமின் சிதான் முக்கியமான நஷ்டம். அதற்கு ஒரு நெல்லிக்காயைக் கடித்தால் போதும்.

சரி, எனக்கு ஏன் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சுருக்கென்றது என்று சொல்கிறேன்.

என் நாத்தனார் மகள் ஆறாம் மாதக் கர்ப்பமாக இருந்தபோது ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 என்று குறைவாக வந்தது. கிராம சுகாதார செவிலியர் இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்லியிருந்தார். இவளுக்கு அதைப் போட்டாலே குமட்டல், மலம் வேறு கறுப்பாகப் போகிறது என்று பயம். போதாததற்கு, மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ ஓதிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அண்ணன் முருங்கைப் பொடி டப்பாவோடு வந்து நின்றார். அவர் அதை ஆள் சேர்த்து விற்கிற தொழிலில் இருந்தார். டப்பாவில் பாலைப் போல 17 மடங்கு கால்சியம், பசலையைப் போல 25 மடங்கு இரும்பு என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. மாத்திரை அலமாரிக்குப் போனது. பொடி தினமும் ஒரு ஸ்பூன்.

எனக்குப் பொறுக்கவில்லை. பால் கணக்கு எழுதுகிற நாட்காட்டியின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். டப்பாவில் போட்டிருந்தபடியே 100 கிராம் பொடியில் இரும்பு 28 மில்லிகிராம். ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால் 1.4. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற கர்ப்பிணிகளுக்கான மாத்திரை ஒன்றில் 60. "கண்ணு, இந்த ஒரு மாத்திரைக்கு ஈடாக நீ நாற்பது ஸ்பூனுக்கு மேல் பொடி தின்ன வேண்டும்" என்றேன். பால் கணக்கும் அப்படித்தான். பாலில் பெரும்பங்கு தண்ணீர், பொடியில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. எடைக்கு எடை வைத்தால் பொடிதான் ஜெயிக்கும். ஆனால் பாலை ஒரு டம்ளர் குடிக்கிறோம், பொடியை ஒரு டம்ளர் யார் தின்பது?

"அத்தை, அப்போ கீரையும் வேண்டாமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. கீரை கட்டாயம் வேண்டும், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது போட்டாள், குமட்டல் குறைந்தது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தையும் நிறுத்தினாள். டீயில் உள்ள துவர்ப்பு, கீரையில் இருக்கிற இரும்பை உடம்பில் சேரவிடாது. பிரசவத்துக்கு முன் ஹீமோகுளோபின் 10.6 வந்துவிட்டது. இதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, கீரைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வளைகாப்பில் என்ன பேச்சு தெரியுமா? "எல்லாம் நம்ம தம்பி கொடுத்த பொடிதான்!" அந்த டப்பா பாதிகூடக் காலியாகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, விசேஷ வீடு.

பொடியே மோசம் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். பச்சைக் கீரை கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு அது உதவும். பொடி விற்கிறவர்களில் நேர்மையானவர்களும் உண்டு, எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அதனால் நாலு காசு வருகிறது. மடங்குக் கணக்குதான் எனக்கு ஆகாது. ஆரஞ்சைப் போல 7 மடங்கு வைட்டமின் சி என்று சுற்றுகிறதே, அது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையோடு பொருந்துகிறது. அதில் 100 கிராம் முருங்கைக்கீரைக்கு 220 மில்லிகிராம், ஆரஞ்சுக்கு 30. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் கீரைக்குச் சுமார் 108தான். அதுவும் பச்சை இலைக்கு.

உங்கள் தட்டில் விழுவதை மட்டும் கணக்குப் பாருங்கள். ஒரு கட்டு உருவினால் சட்டி நிறைய இருக்கும், வதங்கியதும் நாலு கரண்டிதான் தேறும். ஆளுக்கு 50 கிராம் பச்சை இலை போய்ச் சேர்ந்தால் அதிகம். அந்தப் புதிய அட்டவணைப்படி அதில் சுண்ணாம்புச் சத்து 150 மில்லிகிராமுக்கு மேல், இரும்பு 2 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று அதே நிறுவனத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. பத்து இருபது ரூபாய்க் கீரைக்கு இது நல்ல பங்குதான், ஆனால் மருந்து இல்லை.

சமைத்தால் லாபமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கீரையில் இருக்கும் கரோட்டின் வைட்டமின் ஏ ஆக உடம்பில் சேர எண்ணெய்ப் பசை வேண்டும். தாளிக்கிற எண்ணெயும் தேங்காய்த் துருவலும் அதைக் கொடுக்கின்றன, பொடி கலக்கிய தண்ணீர் கொடுக்காது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தின் சோதனைக்கூடத்தில் இலையைத் தண்ணீரில் வேகவைத்துப் பார்த்தபோது, உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய இரும்பு கூடியது.

செய்கிற விதம்: கீரையை முந்தின ராத்திரி துணியில் சுற்றி வையுங்கள், காலையில் உதறினால் பாதி இலை தானே உதிரும். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, ஊறிய பாசிப்பருப்பு ஒரு கை போட்டு, அது முக்கால் பதம் வெந்ததும் கீரையைப் போடுங்கள். கரண்டியை அகலமாகப் போட்டுக் கிளறினால் உருண்டை உருண்டையாகத் திரண்டுகொள்ளும். என் மாமியார் கரண்டியைத் திருப்பிப் பிடித்து அதன் காம்பால்தான் கிளறுவார். இலை சுருண்டு, பச்சை நிறம் மாறுவதற்குள் தேங்காய் போட்டு இறக்கிவிட வேண்டும். அரை மணி நேரம் வேகவிட்டுவிட்டுச் சத்து போச்சே என்று கீரையைக் குறை சொல்லக் கூடாது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு முருங்கை மரம் நின்றது. யார் வேண்டுமானாலும் ஒடித்துக்கொள்வார்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்புகிறது, காரின் மேல் விழுகிறது என்று தெரு நலச் சங்கத்தில் தீர்மானம் போட்டு அடியோடு வெட்டிவிட்டார்கள். சோப்புத் தண்ணீர் அடித்தால் போயிருக்கும், நானே அடிக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். வெட்டச் சொன்ன அதே ஆள் இப்போது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் முருங்கையின் மகிமை என்று படம் அனுப்புகிறார்.

ராத்திரியில் சாப்பிடலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். எனக்கு ஒன்றும் செய்வதில்லை, என் வீட்டுக்காரருக்கு வயிறு கடமுடா என்கிறது. மதியச் சாப்பாட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா செய்து போடுகிறார் என்றால் இலை உருவுகிற வேலையையாவது நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.