வலி வலது கையில், அழுத்தம் இடது பக்கத்தில்: ஆபரேஷன் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 46. ஐந்து வாரமாகக் கழுத்து வலி. வலது கையில் நடுவிரல் வரை சுரீரென்று இழுத்து மரத்துப்போகிறது. எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில், ‘சி5-சி6 டிஸ்க் பிதுங்கி இடது நரம்பு வேரை அழுத்துகிறது, கழுத்தின் வளைவு குறைந்துள்ளது’ என்று இருக்கிறது. ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்தவர், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கை விழுந்துவிடும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: பயப்படாமல் ரிப்போர்ட்டை இன்னொரு முறை படியுங்கள். சி5, சி6 என்பவை கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகள். டிஸ்க் என்பது அவற்றுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு. நரம்பு வேர் என்பது தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடம். தொந்தரவு வலது கையில், அழுத்தம் இடது பக்கத்தில். இதை நம்பி யாரும் கத்தியை எடுக்கக் கூடாது.

விரலும் பொருந்தவில்லை. நடுவிரல் பெரும்பாலும் ஏழாவது கழுத்து நரம்பின் எல்லை. அந்த நரம்பு சி6-சி7 எலும்புகளுக்கு நடுவே வெளியே வருகிறது. சி5-சி6 இடத்தில் நசுங்குவது ஆறாவது நரம்பு. அப்படியானால் கட்டைவிரல் பக்கம்தான் மரத்திருக்க வேண்டும். வலது என்பதை இடது என்று மாற்றி டைப் செய்துவிட்டார்களா என்று ஸ்கேன் படித்த டாக்டரிடமே முதலில் கேளுங்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கினாலும் நடுவிரல் மரக்கும். இரவில் அதிகமாகி, கையை உதறினால் குறைகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் நரம்பு மின்கடத்தல் சோதனைதான் உதவும்.

சரி, அந்தப் பிதுக்கம்? 2015இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேரை ஸ்கேன் செய்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது. தலை நரைப்பது போன்ற சமாச்சாரம் இது. வளைவு குறைந்ததும் தனி நோய் இல்லை.

உங்களை ஸ்கேனுக்கு அழைத்துப் போனவருக்குக் கமிஷன் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்கேனையும் ஆபரேஷனையும் சேர்த்துப் பேசுகிற இடைத்தரகர் உங்கள் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்து ‘முழு முதுகெலும்புக்கும் எடுத்துவிடலாம்’, ‘படம் தெளிவாகத் தெரிய ஊசியில் மருந்து ஏற்றி மறுபடி எடுக்கலாம்’ என்பார். கிருமித்தொற்று, கட்டி சந்தேகம், பழைய ஆபரேஷன் போன்ற காரணம் இல்லாமல் அந்த மருந்து தேவையில்லை. எனக்கு ஆத்திரம் வருவது ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர்கள் எழுதும் சீட்டைப் பார்க்கும்போதுதான். எந்தக் கை, எந்த விரல் என்று எழுதாமல் ‘கழுத்து வலி’ என்று இரண்டே வார்த்தையில் அனுப்புகிறார்கள். படம் படிப்பவர் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதித் தள்ளுகிறார். இடையில் நோயாளி அல்லாடுகிறார்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நரம்பு வேர் அல்லாமல் தண்டுவடமே நசுங்கினால் கதை வேறு. அதில் வலி குறைவாகவோ இல்லாமலோகூட இருக்கலாம், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, கையிலிருந்து பொருள் நழுவுவது, நடக்கும்போது கால் பின்னுவது, கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது, சிறுநீர் கட்டுப்பாடு குறைவது – இவற்றில் ஏதாவது வந்தால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டாம். அப்போது எம்.ஆர்.ஐ அவசரம், ஆபரேஷனும் தள்ளிப்போடக் கூடாததாக இருக்கலாம். கையின் பலம் நாளுக்கு நாள் குறைந்தாலும் அப்படித்தான்.

நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. நரம்பு வேர் வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆபரேஷன் இல்லாமலே தணிந்துவிடும். நரம்பியல் அல்லது முதுகெலும்பு டாக்டரைப் பாருங்கள். ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டையும் கொண்டுபோங்கள். முழங்கையை நீட்டும் பலத்தையும் அனிச்சைச் செயல்களையும் அவர் சோதிக்க வேண்டும். சோதிக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி சொன்னால், வேறு டாக்டரிடம் போங்கள்.