கசந்தது சொக்லேட்டா, விலையா?

கேள்வி: பேத்தியோடு கொழும்பு 7இல் ஒரு கைவினைச் சொக்லேட் கடைக்குப் போனேன். பெருவிரல் அளவு துண்டொன்றின் விலைக்கு இங்கே ஒரு சோற்றுப் பார்சல் வாங்கலாம். ‘75 வீதம்’ என்று பெருமையாக நீட்டினார்கள். ஒரே கசப்பு, பிள்ளை துப்பிவிட்டாள். வாங்கிவந்தது மறுநாள் வெள்ளை பூத்திருந்தது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? இது காசுக்காரரை ஏய்க்கும் வித்தைதானே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஏய்ப்பு உண்டு, ஆனால் நீங்கள் கைகாட்டுகிற இடத்தில் இல்லை. விலையைக் கேட்டீர்கள். கொக்கோ எங்கே விளைந்தது என்று கேட்டீர்களா?

கைவினை என்று பலகை போட்டவர்களில் சிலர் கொட்டையை வாங்கி, வறுத்து, தோல் நீக்கி, கல்லுருளையில் மணிக்கணக்காக அரைத்துத் தாங்களே சொக்லேட் செய்கிறார்கள். வேறு சிலர் வெளிநாட்டுச் சொக்லேட் கட்டியை இறக்கி, உருக்கி, அச்சில் வார்க்கிறார்கள். அதற்கும் கை பழகவேண்டும், குறை சொல்லமாட்டேன். ஆனால் பெல்ஜியக் கட்டியை உருக்கிவிட்டு ‘இலங்கையின் ருசி’ என்று விற்றால் சண்டை பிடியுங்கள், நானும் வருகிறேன்.

இத்தனைக்கும் கொக்கோ மாத்தளையிலேயே விளைகிறது. 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தோட்டக்காரர் தேயிலைக்கும், மலேரியா மருந்துக்குப் பட்டை தரும் சின்கோனா மரத்துக்கும், கொக்கோவுக்கும் தாவினார்கள். தேயிலை வென்றது. கொக்கோ மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கம் நிழல் மரங்களுக்கடியில் ஒதுங்கிவிட்டது. ருசியில் பாதி அந்தத் தோட்டத்திலேயே முடிவாகிறது. காயை உடைத்து, கொட்டைகளை வெள்ளைச் சதையோடு குவித்து, வாழையிலையால் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிடவேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டுவிட்டால், கொழும்பு 7இல் எவ்வளவு அழகான ரிப்பன் கட்டினாலும் சரிவராது.

75 வீதம் என்பது தரச் சான்றிதழ் அல்ல. கொக்கோவும் அதன் கொழுப்பும் சேர்ந்து 75 பங்கு, மிச்சம் பெரும்பாலும் சீனி. அவ்வளவுதான். கருக வறுத்துக் கெடுத்த 75உம் உண்டு, பழப்புளிப்போடு மணக்கிற 75உம் உண்டு. அடுத்தமுறை மெல்லாமல் நாக்கில் உருகவிட்டுப் பாருங்கள். சின்னப்பிள்ளைக்கு முதல் துண்டே அதைக் கொடுத்தது, மன்னிக்கவேண்டும், கடைக்காரர் குற்றமில்லை. பால் சொக்லேட் கேட்டிருக்கலாம்.

விலை கூடத்தான். வாடகையையும் பெட்டியையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். மேற்கு ஆபிரிக்காவில் விளைச்சல் சரிந்து, 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ தொன் 10,000 டொலரைத் தாண்டியதும் நினைவிருக்கட்டும். ஏய்ப்பைத் தேடுவதென்றால் மலிவுப் பட்டைகளின் உறையையும் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் முதலில் சீனி, அடுத்துத் தாவரக் கொழுப்பு, அப்புறம்தான் கொக்கோ.

சரி, வெள்ளை பூத்ததற்கு வருவோம். கொக்கோக் கொழுப்பு ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் உருகும். மதிய வெயிலில் பூட்டிய காருக்குள் அதைவிடச் சூடு. இளகி, மறுபடி தாறுமாறாக உறையும்போது கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் படியும். அது பூஞ்சணம் அல்ல, பழைய சரக்கு என்பதற்கு அத்தாட்சியும் அல்ல. சூடான பாலில் கரைத்துக் குடியுங்கள். உள்ளே கிரீம் வைத்த துண்டுகள் மட்டும் சீக்கிரம் கெடும். விருந்தாளி வரட்டும் என்று அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.